சி8 கார்வெட் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? சராசரி போட்டா விடை கிடைக்காது

அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸ் செய்ற ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட், அதோட எட்டாவது ஜெனரேஷன்தான் சி8. அது 2020 மாடலா வந்துச்சு, அதுக்கு முன்னாடி வந்த ஏழு ஜெனரேஷனும் ஓடுன வருஷத்தைக் கூட்டி ஏழால வகுத்தா ஒன்பது சொச்சம் வருது, அப்போ 2029ல இது முடிஞ்சு சி9 வந்துடும்னு வெச்சுக்கலாமா, அதை நம்பி வாங்குறதைத் தள்ளிப் போடலாமா, இதான் கேள்வி. 2029ங்கிறது பெரிய தப்பில்ல, நானும் சுத்தி வளைச்சு அங்கதான் கிட்டக்க வந்து நிப்பேன். ஆனா நீங்க போட்ட கணக்கு இருக்கே, அது குருட்டாம்போக்குல சரியா விழுந்தது, இதையே இன்னொரு காருக்குப் போட்டுப் பாத்தா மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த ஏழு நம்பரையே எடுத்துக்கோங்க. மாடல் இயர் (கம்பெனி காருக்குக் குடுக்கிற மாடல் வருஷம்) கணக்குல சி1 1953ல இருந்து 62 வரை 10 வருஷம், சி2 1963-67 வெறும் 5, சி3 1968-82 முழுசா 15, சி4 1984-96 13, சி5 1997-2004 8, சி6 2005-13 9, சி7 2014-19 6. மொத்தம் 66, ஏழால வகுத்தா 9.4. சரி, ஆனா 5ல இருந்து 15 வரைக்கும் பரந்து கிடக்கிற நம்பர்களுக்கு சராசரி எடுத்து என்ன பண்றது, ஏழுல ஒண்ணு மட்டும்தான் 9 வருஷம் ஓடிருக்கு. ஒவ்வொண்ணும் ஏன் அவ்ளோ வருஷம் ஓடுச்சுன்னு பாத்தாதான் விஷயமே ஆரம்பிக்குது.

சி2 அஞ்சே வருஷத்துல போயிடுச்சுன்னு சொல்றோம், சி3 பதினஞ்சு வருஷம் இழுத்துச்சுன்னு சொல்றோம், ஆனா காரைக் கவுத்துப் போட்டு அடியில பாத்தா சி3ல இருந்தது கிட்டத்தட்ட சி2வோட ஃபிரேமும் சஸ்பென்ஷனும்தான். மேல பாடி புதுசு, கீழ அதே ஆளு. அப்படிப் பாத்தா 1963ல போட்ட காசு 1982 வரைக்கும் இருபது வருஷம் உழைச்சிருக்கு. ஏன் அவ்ளோ நாள் விட்டு வெச்சாங்கன்னா வித்துக்கிட்டே இருந்துச்சு, அவ்ளோதான். 1979ல, அந்த டிசைனுக்கு பதினோரு வயசு ஆனப்புறம், 53,807 கார் செஞ்சாங்க, கார்வெட் வரலாற்றுலயே அதுதான் உச்சம். சும்மா நின்னாலே விக்கிற காரை எந்தக் கணக்குப்பிள்ளை மாத்த விடுவாரு? அப்புறம் சி4 வர்றப்ப ரெடியாகல, தாமதமாகி 1983 மாடல் இயரே இல்லாம போச்சு, அந்த வருஷத்துக்காக செஞ்ச சோதனை வண்டிகள்ல ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சு கார்வெட் ஃபேக்டரி இருக்கிற பௌலிங் கிரீன் ஊர்ல, கார்வெட் மியூசியத்துல நிக்குது.

சி4 பதிமூணு வருஷம் ஓடுனது வேற கதை. அது நல்லா வித்ததால இல்ல, கம்பெனி கைல காசில்லாததால. 1992ல ஜெனரல் மோட்டார்ஸ் 2,300 கோடி டாலருக்கு மேல நஷ்டம் காட்டுனாங்க, அதுல பெரும்பங்கு ரிட்டயர் ஆனவங்களோட மருத்துவச் செலவை எழுதுற முறை மாறுனதுல வந்ததுன்னாலும் நிலைமை மோசம்தான், அப்போ போய் ரெண்டு சீட்டு காருக்கு புதுசா பிளாட்ஃபார்ம், அதாவது அடித்தளம், கேட்டா யாரு குடுப்பா. சி5 தள்ளித் தள்ளிப் போய் 97ல வந்துச்சு. சி6க்கும் அதே மாதிரி 2009 திவால் குறுக்க வந்துச்சு, ஒன்பது வருஷமாச்சு. சி7 ஆறே வருஷத்துல முடிஞ்சதுக்குக் காரணம் அது மோசமான கார்ங்கிறது இல்ல, எஞ்சினை நடுவுல வெக்கிற சி8 ரெடியாகி கதவைத் தட்டிட்டு நின்னுச்சு. கார்வெட்டோட பழைய எஞ்சினியர் ஸோரா ஆர்கஸ்-டண்டோவ் அறுபதுகள்ல இருந்து கேட்டுக்கிட்டிருந்தது அது.

ஆக, ஒண்ணு வித்ததால நீண்டுச்சு, ஒண்ணு காசில்லாம நீண்டுச்சு, ஒண்ணு வாரிசு வந்ததால சுருங்குச்சு. இந்த மூணையும் ஒரே டப்பால போட்டுக் குலுக்கி 9.4ன்னு எடுத்தா அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் இருக்கு சொல்லுங்க.

இடையில ஒண்ணு, புள்ளியியல் தெரிஞ்சவங்க வந்து "காட் ஃபார்முலா போடுங்க"ன்னு சொல்வாங்க. ரிச்சர்ட் காட்ங்கிற இயற்பியலாளர் 1969ல பெர்லின் சுவரைப் பாக்கப் போனப்போ சுவருக்கு வயசு 8, நான் இதோட ஆயுசுல ஏதோ ஒரு சாதாரண நேரத்துலதான் வந்திருப்பேன், அதனால 50 சதவீதம் வாய்ப்போட இது இன்னும் இருந்த காலத்துல மூணுல ஒரு பங்குல இருந்து மூணு மடங்குக்குள்ள நிக்கும்னு கணக்குப் போட்டாரு, அதாவது இன்னும் 2.7 வருஷத்துல இருந்து 24 வருஷம். சுவர் 20 வருஷத்துல விழுந்துச்சு, 1993ல அதை நேச்சர் இதழ்ல எழுதுனாரு. அழகான விஷயம்தான். ஆனா இதை ஆறு வயசு கார்வெட்டுக்குப் போட்டா இன்னும் 2 வருஷத்துல இருந்து 18 வருஷம்னு வரும், அதைச் சொல்றதுக்கு ஃபார்முலாவே வேணாம். இந்த முறை எதைப் பத்தியும் ஒண்ணுமே தெரியாதவனுக்கு. கார் விஷயத்துல நமக்கு நிறைய தெரியும், ஏன்னா கார் பொறக்கும்போதே அதோட செலவுக் கணக்குல ஒரு முடிவு வருஷம் எழுதி வெச்சுதான் பொறக்குது.

அந்தக் கணக்கு எப்படின்னா, சும்மா உதாரணத்துக்கு, ஒரு புது ஸ்போர்ட்ஸ் காருக்கு டிசைன், கிராஷ் டெஸ்ட், அச்சு, லைன் மாத்துறது எல்லாம் சேத்து 100 கோடி டாலர் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 25,000 கார், ஆறு வருஷம் விப்போம்னு திட்டம் போட்டா 1,50,000 கார், காருக்கு 6,700 டாலர் கிட்ட இந்தச் செலவுக்கே போகும். விலை வெக்கிறவங்க இந்த 6,700ஐ உள்ள வெச்சுத்தான் விலை போடுறாங்க. அந்த 1,50,000 கார் வித்து முடிச்ச அன்னிக்கு அந்த 6,700 செலவுக் கணக்குல இருந்து லாபக் கணக்குக்கு மாறுது. அதனால "எத்தனை வருஷம் ஆச்சு"ங்கிறதை விட "எத்தனை கார் வித்தாச்சு"ங்கிறதுதான் சரியான கடிகாரம்.

சி8 விஷயத்துல இது நேரடியா பாதிக்குது பாருங்க. 2019 ஜூலைல காட்டுனாங்க, அந்த இலையுதிர் காலத்துல தொழிலாளர் வேலைநிறுத்தம் 40 நாள், அதனால உற்பத்தி 2020 பிப்ரவரில தொடங்குச்சு, தொடங்குன அடுத்த மாசமே கொரோனா வந்து ஃபேக்டரியை மூடுனாங்க, 2021 டிசம்பர்ல பௌலிங் கிரீன்ல சூறாவளி அடிச்சு கூரையே பிச்சுக்கிட்டு போய் லைன்ல நின்ன 100க்கு மேல கார் குப்பைக்குப் போச்சு. மொத வருஷம் 20,000 சொச்சம் கார்தான் செய்ய முடிஞ்சுது. அப்புறம் 2023 மாடல் இயர்ல பிக்கப் ஆகி, அந்த 1979 ரெக்கார்டுக்கு மயிரிழைல கீழ வந்து நின்னுச்சு. மொத ரெண்டு வருஷத்துல விட்டதைப் பின்னாடி பிடிக்கணும்ல, அப்போ முடிவும் கொஞ்சம் பின்னாடிதான் தள்ளும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னொரு சாபம் இருக்கு. குடும்பக் காரை ஜனங்க தேவைக்கு வாங்குவாங்க, வருஷா வருஷம் ஒரே அளவுல போகும். ஸ்போர்ட்ஸ் காரை ஆசைக்கு வாங்குறது, ஆசைப்பட்டவன் எல்லாம் மொத ரெண்டு வருஷத்துலயே வாங்கிடுவான், அப்புறம் சேல்ஸ் சரியும். அதைத் தடுக்கத்தான் எல்லா வேரியன்டையும் ஒரே நேரத்துல விடாம வருஷத்துக்கு ஒண்ணா அவுத்து விடுறாங்க. சி8லயே 2023க்கு இஸட்06, 2024க்கு ஈ-ரே, 2025க்கு 1,064 குதிரைசக்தி இஸட்ஆர்1, 2026க்கு இஸட்ஆர்1எக்ஸ். இந்த வரிசையை கவனிக்கிறது ரொம்ப முக்கியம், ஏன்னா உச்சத்துல இருக்கிற வேரியன்ட் வந்துடுச்சுன்னா கிளைமாக்ஸ் வந்துடுச்சுன்னு அர்த்தம், ஆனா அன்னிக்கே படம் முடியாது, அந்த கடைசி வேரியன்டோட எஞ்சினுக்கும் டர்போவுக்கும் போட்ட காசையும் எடுக்கணும்ல, குறைஞ்சது ரெண்டு மூணு வருஷம் வேணும்.

இனிமே சொல்றதுதான் என்னோட முக்கியமான பாயின்ட். காசு திரும்ப வந்த நாள் வரைக்கும் காருக்கு ஒரு மாதிரி விதி, அதுக்கப்புறம் வேற விதி. மொத ஆறு எட்டு வருஷம் வரைக்கும் வயசு ஏற ஏற மாத்துற வாய்ப்பு ஏறும், சாதாரணமா அந்த இடத்துல வாரிசு வந்துடும். வாரிசு வரலைன்னா கார் சாகாது, உல்டாவா ஆயிடும், ஹோம் லோன் கட்டி முடிச்ச வீடு மாதிரி, இனிமே இருக்கிற ஒவ்வொரு மாசமும் லாபம், எதுக்கு இடிக்கணும்? அதுக்கப்புறம் வயசை வெச்சு அதோட சாவைக் கணிக்கவே முடியாது, வெளிய இருந்து ஒண்ணு வந்து அடிச்சாத்தான் போகும்.

நிசான் ஜிடி-ஆர் ஆர்35ஐ எடுத்துக்கோங்க, இதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2007 டிசம்பர்ல வந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல டொச்சிகி ஃபேக்டரில கடைசி கார் இறங்குச்சு, பதினெட்டு வருஷத்துல மொத்தமே 48,000 கார்தான், வருஷத்துக்கு மூவாயிரம் கூட இல்ல. எஞ்சின் எல்லாம் கையால அசெம்பிள் பண்றது, அந்த பதினெட்டு வருஷத்துக்கும் சேத்து அதைச் செஞ்ச மாஸ்டர் மெக்கானிக்குங்க ஒன்பதே பேரு. 480ல தொடங்கி 570 குதிரைசக்தி, நிஸ்மோங்கிற ஸ்பெஷல் வேரியன்ட்ல 600 வரைக்கும் ஏத்துனாங்க. விலை குறைஞ்சுதான்னு கேட்டா அதுதான் இல்ல, 77.7 லட்சம் யென்னுக்கு வந்த கார் கடைசில 1 கோடியே 40 லட்சம் யென்னைத் தாண்டிடுச்சு. பழைய கார், ஏறுன விலை, காசு எப்பவோ எடுத்தாச்சு. அது ஒரே நாள்ல சாகலைங்கிறதையும் கவனிங்க, ஊர் ஊரா செத்துச்சு. ஆஸ்திரேலியாவுல பக்கவாட்டு மோதல் விதி வந்து 2021ல போச்சு, ஐரோப்பாவுல சத்த அளவு விதி வந்து 2022ல போச்சு, அமெரிக்காவுல 2024 மாடலோட முடிஞ்சுது, கடைசியா சொந்த ஊர் ஜப்பான்ல. டாட்ஜ் சேலஞ்சரும் இதே ஜாதிதான், 2008ல இருந்து 2023 வரைக்கும் ஓடுச்சு, பதிமூணு வயசுல, 2021ல, அமெரிக்காவுல மஸ்டாங்கை விட அதிகமா வித்துச்சு.

அதனால வயசான கார்னா வயசைப் பாக்காதீங்க, சட்டத்தைப் பாருங்க. 2002 ஆகஸ்ட் மாசத்தை யாரும் மறக்க முடியாது, ஜப்பான்ல புகை விதி இறுகி, மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34, சில்வியா எஸ்15 நாலும் ஒரே மூச்சுல போச்சு. அதுல ஆர்எக்ஸ்-7க்கு வயசு 11, சுப்ராவுக்கு 9, மத்த ரெண்டும் 1999 ஜனவரில பொறந்தது, நாலு வயசு கூட ஆகல. எந்த சராசரியும் இதைச் சொல்லிருக்காது, ஆனா எமிஷன் விதியோட தேதி முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதே மாதிரி டாட்ஜ் வைப்பர், அமெரிக்காவுல மோதும்போது ஆளு ஜன்னல் வழியா வெளிய தூக்கி வீசப்படாம இருக்கணும்னு ஒரு விதி வந்துச்சு, அதுக்கு பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் வேணும், வைப்பரோட கூரைல அதை வெக்க இடமே இல்ல, விக்கிற எண்ணிக்கைக்கு கூரையை மாத்த யாரும் காசு போடத் தயாரில்ல, 2017ல மூடிட்டாங்க.

சரி, சட்டம் வந்தா எல்லா காரும் செத்துடுமான்னா இல்ல, இங்கதான் சுவாரஸ்யமான ஜோடி ஒண்ணு இருக்கு. ஐரோப்பாவுல 2024 ஜூலைல இருந்து விக்கிற எல்லா புதுக் காருக்கும் சைபர் செக்யூரிட்டி விதி வந்துச்சு, காரோட எலக்ட்ரானிக்ஸை ஹேக் பண்ண முடியாதபடி அடித்தளத்துல இருந்தே கட்டிருக்கணும், பழைய வயரிங்கும் பழைய கம்ப்யூட்டர்களும் வெச்சிருக்கிற காருக்கு அது நடக்காத காரியம், மூளை நரம்பெல்லாம் புதுசா போடணும். போர்ஷே 718 கேமன், பாக்ஸ்டர் அதுக்கு செலவு பண்ணல, ஐரோப்பா விற்பனை நின்னுச்சு, 2025 அக்டோபர்ல உற்பத்தியும் முடிஞ்சுது. மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு வயசு அதைவிடப் பெருசா ஒண்ணும் குறைவில்ல, 2015ல வந்த என்டி ஜெனரேஷன், ஆனா அவங்க 2023 கடைசில காசு போட்டு எலக்ட்ரானிக்ஸ் அமைப்பையே மாத்தி உயிரோட வெச்சுட்டாங்க. ஒரே விதி, ஒரே வயசுக் கூட்டம், ஒண்ணு போச்சு ஒண்ணு இருக்கு. என்ன வித்தியாசம்னா போர்ஷே எலக்ட்ரிக் 718 வந்துடும்னு நம்பிக்கிட்டிருந்தாங்க, சாகப்போற காருக்கு ஏன் வைத்தியம்னு விட்டுட்டாங்க, அப்புறம் அந்த எலக்ட்ரிக் தாமதமாகி, விக்க காரே இல்லாத ஒரு இடைவெளில மாட்டுனாங்க. மாஸ்டா கைல வாரிசு ரெடியா இல்ல, அதனால இருக்கிற ஆளைக் காப்பாத்துனாங்க. ஒரு கார் எவ்ளோ நாள் இருக்கும்னு கேட்டா அந்தக் காரை விட அதோட வாரிசு எந்த நிலைமைல இருக்குன்னுதான் நான் மொதல்ல விசாரிப்பேன்.

கூட்டாளி இருக்கிற கார்களுக்கு இன்னொரு சிக்கல். ஆடி ஆர்8ம் லம்போர்கினி ஹுராகானும் உடம்பும் 5.2 லிட்டர் வி10ம் பங்கு போட்டுக்கிட்ட கார்கள், ரெண்டும் 2024ல முடிஞ்சுது. கடைசியா வந்த சுப்ராவும் பிஎம்டபிள்யூ இஸட்4ம் ஆஸ்திரியாவுல கிராட்ஸ்ல மேக்னாங்கிற கம்பெனியோட ஒரே ஃபேக்டரில செஞ்சது, எஞ்சின் பிஎம்டபிள்யூவோடது, ரெண்டுக்கும் 2026னு முடிவு பண்ணிட்டாங்க. டொயோட்டாவுக்கு எவ்ளோ ஆசை இருந்தாலும் தனியா இழுக்க முடியாது. கார்வெட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல, உடம்பு அதுக்கே அதுக்குன்னு செஞ்சது, ஃபேக்டரியும் அதுக்கே. அது பலமும்தான், செலவைப் பங்கு போட ஆளில்லாத பலவீனமும்தான்.

ஜெனரேஷன்னு எதைச் சொல்றோம்ங்கிறதும் குழப்பம்தான். ஃபெராரி 458 2009, 488 2015, எஃப்8 2019, மூணு பேரு மூணு கார்னு கணக்கு சொல்வோம், அடிப்படை அலுமினிய உடம்பு ஒரே வம்சம், அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை பேரை மாத்தி பதினாலு வருஷம் ஓட்டிட்டாங்க. நிசான் இப்போ விக்கிற புது இஸட்டோட சேசிஸ் கோடுலயே ஆர்இஸட்34ன்னு பழைய 370 இஸட்டோட 34 அப்படியே நிக்குது. பேரை வெச்சு கணிச்சா ஒரு விடை, அடித்தளத்தை வெச்சு கணிச்சா வேற விடை. வாங்குறவனுக்கு பேருதான் முக்கியம், ஏன்னா ரீசேல் பேரை வெச்சுத்தான் விழும்.

வருஷக் கணக்கு உண்மையிலயே வேலை செய்ற ஒரே இடம்னு நான் சொல்றது போர்ஷே 911. ஆனா அங்கயும் மொத்த வயசை எண்ணாதீங்க, ஃபேஸ்லிஃப்ட்ல (அதே ஜெனரேஷனை நடுவுல புதுப்பிக்கிறது) இருந்து எண்ணுங்க. 911 ஜெனரேஷன்களுக்கு போர்ஷே நம்பர் பேரு வெக்கும், அதுல 996 1997ல வந்து 2001ல ஃபேஸ்லிஃப்ட், 2004ல வாரிசு. 997 2004, 2008, 2011. 991 2011, 2015, 2018. நாலு வருஷம், அப்புறம் மூணு வருஷம், மூணு தடவையும் கடிகாரம் மாதிரி. இப்போ 992க்கு வாங்க, 2018 நவம்பர்ல காட்டுனாங்க, ஃபேஸ்லிஃப்ட் 2024 மே மாசம்தான் வந்துச்சு, நாலு வருஷம் அஞ்சரை ஆயிடுச்சு. கூட மூணு சேத்தா 2027. ஆனா அந்த ஃபேஸ்லிஃப்ட்ல ஜிடிஎஸ் வேரியன்டுக்கு புதுசா 3.6 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சின் செஞ்சு வெச்சிருக்காங்க, பம்பர் மாத்துன ஃபேஸ்லிஃப்ட் இல்ல இது, பெரிய காசு, அதனால 2028க்கு முன்னாடி அடுத்தது வராதுன்னு நான் சொல்லுவேன். நடுவயசுல எவ்ளோ காசு போட்டாங்களோ அவ்ளோ ஆயுசு கூடும், இது எல்லா காருக்கும் பொருந்தும்.

அந்த அளவுகோலை சி8 மேல வெச்சுப் பாருங்க. 2026 மாடல்ல உள்பக்கத்தையே மாத்திட்டாங்க, டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல சுவர் எழுப்புன மாதிரி நீளமா ஏசி பட்டன் வரிசை ஒண்ணு இருக்குமே, பாதி பேரு திட்டுனது, அதைத் தூக்கிட்டு மூணு ஸ்கிரீன் வெச்சாங்க. டாஷ்போர்டு மாத்துறதுன்னா சாதாரணம்னு நினைக்காதீங்க, அச்சு புதுசு, வயரிங் புதுசு, சாஃப்ட்வேர் புதுசு, ஏர்பேக் சோதனையும் திரும்பப் பாக்கணும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓட்டப்போற காருக்கு இதை எவனும் செய்ய மாட்டான், மூணு மாடல் இயராவது இல்லாம அந்தக் கையெழுத்து விழுந்திருக்காது. இதுவே 2028 வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுது. கடைசி வேரியன்ட் இஸட்ஆர்1எக்ஸ் 2026ல வந்ததும் அதே இடத்தைத்தான் காட்டுது.

மறுபக்கம் சட்டம் என்ன சொல்லுது. ஐரோப்பாவுல யூரோ 7ங்கிற புகை விதி எல்லா புதுக் காருக்கும் 2027 நவம்பர்ல இருந்து, ஆனா கார்வெட்டுக்கு அது சின்ன சந்தை, அங்க போச்சுன்னாலும் கார் சாகாது. அமெரிக்காதான் வீடு. அங்க தானா பிரேக் பிடிக்கிற சிஸ்டத்துக்கு 2024ல ஒரு கடுமையான விதி போட்டு 2029 செப்டம்பர்னு தேதி வெச்சாங்க, அது அப்படியே நின்னா 2030 மாடல்ல இருந்து கார் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும், வயசான காருக்கு அதுக்குன்னு சென்சார் வேலை பண்றதா புதுசையே இறக்குறதான்னு கேள்வி வரும். ஆனா எதிர்த்திசைல ஒண்ணு நடந்துச்சு, 2025 ஜூலைல மைலேஜ் விதியை மீறுனா கட்டுற அபராதத்தையே பூஜ்யமாக்கிட்டாங்க, வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) வெச்சிருக்கிறவனுக்கு அவசரம் குறைஞ்சுது. ஜெனரல் மோட்டார்ஸ் அதே வருஷம் டோனவாண்டா எஞ்சின் ஃபேக்டரில 88.8 கோடி டாலர் போட்டு அடுத்த தலைமுறை வி8 செய்யப் போறோம்னு அறிவிச்சாங்க, அது மொதல்ல டிரக்குக்குத்தான், ஆனா அந்த எஞ்சின் குடும்பம் சி8 உடம்புலயே ஏறுச்சுன்னா காரோட ஆயுசு கூடிடுச்சுன்னு அர்த்தம்.

எல்லாத்தையும் சேத்து என் கணிப்பு இதான்: சி8யோட கடைசி மாடல் இயர் 2028, 29, 30 மூணுல ஒண்ணுன்னு பத்துக்கு ஏழு நம்பிக்கை, அதுலயும் 29க்கு கொஞ்சம் கூட. 2027லயே முடியும்ங்கிறதுக்கு பத்துல ஒண்ணு கூட குடுக்க மாட்டேன். மீதி எல்லாம் 2030ஐத் தாண்டி இழுக்கிற பக்கம்தான், அது ஏன் சும்மா ஓரமான சான்ஸ் இல்லன்னா, இதே கார்வெட் ரெண்டு தடவை கம்பெனி காசுப் பிரச்னைல அப்படித்தான் நீண்டுச்சு. தப்பு நடந்தா லேட் பக்கம்தான் நடக்கும், ஸ்போர்ட்ஸ் கார் திட்டம் முன்கூட்டியே முடிஞ்சதை விட தள்ளிப்போனதுதான் எப்பவும் அதிகம்.

எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். மூடாக்கு போட்டு ரோட்டுல ஓடுற டெஸ்ட் வண்டி படம் நல்ல சிக்னல், அதுலயும் புது பாடியோட முழுசா வந்துச்சுன்னா பொதுவா ஒண்ணு ஒண்ணரை வருஷம்தான், பழைய பாடிக்குள்ள புது சாமானைத் திணிச்சு ஓட்டுறதுன்னா இன்னும் நாளிருக்கு. ஃபேக்டரில ஷட்டவுன் எத்தனை வாரம்ங்கிறது அதைவிட நல்ல சிக்னல், லைனை மாத்தாம புது கார் வராது. "ஃபைனல் எடிஷன்"னு பேட்ஜ் ஒட்டி விட்டா முடிவு நெருங்கிடுச்சு, ஆனா ஆர்35க்கு மாதிரி ஸ்பெஷல் எடிஷனா விட்டுக்கிட்டே வருஷக்கணக்கா ஓட்டுறவங்களும் இருக்காங்க, அதனால எடிஷன் பேரை விட ஆர்டர் எடுக்கிறதை நிறுத்துன தேதியைப் பாருங்க. கம்பெனிக்காரங்க பேட்டில சொல்றது, "இப்போதைக்கு மாத்துற திட்டம் இல்ல"ங்கிறது, பூஜ்யம். வாரிசு அடுத்த மாசம் வந்தாலும் அதைத்தான் சொல்வாங்க, ஷோரூம்ல நிக்கிற ஸ்டாக்கை விக்கணும்ல.

வாங்கலாமா காத்திருக்கலாமான்னா, சி9 வரணும்னு காத்திருந்தா குறைஞ்சது ரெண்டு மூணு வருஷம், வந்த மொத வருஷம் டீலர் மேல வெச்சு விப்பான், ஃபேக்டரியும் பழகிக்கிட்டிருக்கும், அதெல்லாம் தாண்டி நிம்மதியா வாங்க 2031 ஆயிடும். உள்பக்கம் மாத்துன 2026க்கு அப்புறம் வந்த சி8, புதுசோ ஒரு வருஷம் ஓடுனதோ, கைல காசிருந்தா அதை எடுங்க. ரீசேல் பயம் இருந்தா சி8யோட அடிப்படை மாடலான சாதா ஸ்டிங்ரேக்கு சி9 காட்டுற அன்னிக்கு விலை கொஞ்சம் இறங்கும்னு மனசுல வெச்சுக்கோங்க. இஸட்06 கதை வேற, அந்த 5.5 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமலே 670 குதிரைசக்தி எடுக்குது, சி9ல அப்படி ஒண்ணு திரும்ப வருமான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, அதை வெச்சிருக்கிறவங்க அவசரப்பட்டு விக்க வேணாம்.